மூன்றாவது சவுண்ட்பார்

ரவாங் டிவி கடையில் கடைக்காரர் சோமு, டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார்களில் மூன்றை வரிசையாக வைத்து, ஒரே நாடகக் காட்சியை ஒவ்வொன்றிலும் ஓடவிட்டார். என் கணவர் லோகேஸ்வரன் சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கச்சேரி கேட்க வந்தவர் தோற்றார் போங்கள். வீட்டுக்கு வாங்கிய புது டிவி தகடு மாதிரி மெலிசு, அதன் ஸ்பீக்கரும் அப்படித்தான். பேச்சு விளங்கவில்லை என்று அவர் சத்தத்தை ஏற்ற ஏற்ற, செரண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா இரண்டு முறை கேட் வரை வந்துவிட்டார். சவுண்ட்பார் வாங்கலாம் என்றவள் நான்தான். காது கேட்காத மனிதருக்குப் பேச்சாவது தெளிவாக வரட்டுமே என்ற நல்ல எண்ணம்.

கேட்காதது இடது காது. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கம் இருபது வருடம் நின்றவர் அவர். அங்கே நின்றவர்களுக்குக் காது போவது எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு செய்தியே இல்லை. எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் வேலை விட்டு வந்து, "எடது காது போச்சு மோகனா" என்றார். டாக்டர் சீட்டை நான் கேட்கவில்லை. தெருவில் நாலு பேருக்குப் போனது இவருக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, தும்தும்னு அதிர்ற பேஸ பாக்காதீங்க. சத்தத்த நல்லா கொறச்சு, பேச்சு கேக்குதான்னு பாருங்க. டிவிக்கு அதான் லா முக்கியம்" என்று சோமு ஒலியைக் குறைத்தார்.

"ரெண்டாவதுல பேஸ் பேச்ச முழுங்குது" என்றார் இவர். மூன்றாவதுக்கு எழுந்துபோய்க் குனிந்து, இடது காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். "இதான் சரி. அந்தப் பொண்ணு வாய்க்குள்ளயே 'நான் போறேன்'னு சொல்லுதுல்ல, அதுகூட கேக்குது. ஆனா இந்த ஓரத்துல லேசா ஒரு இரைச்சல் இருக்கு. வேற பீஸ் எடுங்க."

எனக்கு அந்தப் பெண் சொன்னதும் கேட்கவில்லை, இரைச்சலும் கேட்கவில்லை. சோமு பெட்டியோடு காதை ஒட்டிவைத்துப் பார்த்தார். "ஆமாண்ணே! எனக்கே மொதல்ல கேக்கல. ஒங்க காதுல்ல காது!"

இவர் பெருமையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்ததும், அந்தச் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம், கோலா சிலாங்கூரில் ஒரு கல்யாணம் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் கம்போங் குவாந்தான் பக்கம் என் அண்ணன் வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அண்ணனோடு இவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பின்னால் பிள்ளைகள் தூங்கியதால் மெதுவாகத்தான் கேட்டேன். "அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாமாங்க?" கார் வேகம் குறையாமல் அண்ணன் வீட்டுக்குத் திரும்பும் சந்திப்பைத் தாண்டியது. நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடது பக்கம். பாவம், காதில் விழவில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் அம்மா போய்விட்டாள். வாய் திறந்து சத்தமாகக் கேட்காத என்னைத்தான் நான் திட்டிக்கொண்டேன். அன்று பிடித்தது, அவரிடம் எதையும் உரக்கவே சொல்லும் இந்தக் கத்தல். தொண்டை கட்டி, வெந்நீரும் மிளகுமாகக் குடித்துக்கொண்டு கத்தினேன். மகள் வெட்கப்பட்டுக் கூட்டாளிகளை வீட்டுக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டாள். அம்மா படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். பாவி, கேட்க வேண்டிய மனுஷன் எனக்குப் பின்னால் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவதிலேயே வேறு பீஸ் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து கிளம்பினோம். வீட்டுக்கு வந்ததும் அவரே முட்டி போட்டு வயரைச் செருகினார், ரிமோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைய செய்தி வாசித்த பெண்ணின் குரல் கூடத்தில் அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சன்னமாக வந்தது. அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தேன். அன்று காரில் கேட்ட அதே மெதுவான குரலில் கேட்டேன்.

"அன்னைக்கு அந்தச் சந்திப்புல நான் கேட்டது ஒங்க காதுல விழுந்துச்சாங்க?"

அவர் திரும்பவில்லை. கட்டைவிரல் மட்டும் ரிமோட்டில் அசைந்தது. டிவியின் ஓரத்தில் எண்கள் தோன்றின. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. விரல் அழுத்தியபடியே இருக்க, எண் ஏறிக்கொண்டே போனது.