குப்புற

"மல்லாக்கப் போடாதீங்க. குமிழி நகந்துடும்" என்று அம்மா மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா கட்டிலில் குப்புறக் கிடந்தார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்று மருத்துவர் இப்போதுதான் சொன்னார். ஓய்வு நேரத்துக்கு எழுப்பும் வரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, துணி மடித்தபடி அவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒன்பதாவது நாளிலாவது மனிதர் சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டாளாம். அதை மகளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

அப்பாவின் விழித்திரையில் கிழிசல் விழுந்து, அதன் வழியே தண்ணீர் அடியில் இறங்கி, ஓதமேறிய சுவரில் பெயின்ட் உப்புவதுபோல் அது பிரிந்துவிட்டது. அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்தார்கள். இரண்டு வாரம் குப்புறப் படுத்தால் குமிழி மேலே மிதந்து கிழிசலை அழுத்தி மூடும். மிச்சத் தண்ணீரை அடியிலுள்ள செல்கள் இறைத்துவிடும். அவை உப்பை வெளியே தள்ளும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். மகள் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடமாக வளர்ப்பது அந்தச் செல்களைத்தான். பஸ் டிரைவரான அப்பா அதைக் கேட்டுவிட்டு, "கண்ணுக்குள்ளயும் மோட்டார் ஓடுதுன்னு சொல்லு" என்றார்.

மணிக்கு ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் ஓய்வு என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியவளும் மகள்தான். இன்று காலை அப்பா அவளுக்கு ஃபோன் செய்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா. கொஞ்ச நேரம் நிமிந்து உக்காந்துக்கட்டுமா?"

"குப்புறப் படுத்தா அப்படித்தான்பா இருக்கும். இன்னும் அஞ்சு நாள்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க."

ஆயுசு முழுக்க யார் பேச்சையும் கேட்காத மனிதர், இதைக் கேட்டுத் தொலைத்தார்.

மருத்துவர் மகளைப் பார்த்தார். அம்மா கையை விடவில்லை.

"அந்தத் தண்ணி வடிஞ்சிருக்குமா?"

ரத்தம் நின்றால் அந்தச் செல்களுக்குச் சக்தி கிடையாது. உப்பு நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீரும் நிற்கும். ஒட்டியிருந்த கொஞ்சமும் இந்நேரம் இளகத் தொடங்கியிருக்கும். அவளுக்கு இது நிமிடக் கணக்கில் தெரியும்.

"வடிஞ்சிடுச்சும்மா. நல்லா ஒட்டிக்கிச்சு."

"அப்ப சரி" என்று அம்மா கையை எடுத்தாள்.

மூவரும் சேர்ந்து அவரைத் திருப்பினார்கள். தலையணையின் மடிப்பு நெற்றியில் ஆழமாகப் பதிந்திருந்தது. அம்மா கட்டைவிரலால் அதை நீவிவிட்டாள். அது போகவில்லை. மறுபடியும் நீவினாள்.