கெடிலத்துக்கு இறங்கிய தெரு

கடலூர் மாதவி நகர் மூன்றாம் தெருவில், பகுதி சபை கூடாமல் போன ஒவ்வொரு முறையும் மலர்க்கொடியின் வீடு பத்தடி கெடிலம் ஆற்றை நோக்கி நகர்ந்தது. சுவரில் விரிசல் விழவில்லை. கம்பத்திலிருந்து வரும் மின்கம்பி மட்டும் நீண்டுகொண்டது. தெருக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் தேவைகளை முடிவுசெய்ய அரசு கொண்டுவந்த ஏற்பாடு அந்தச் சபை. முதல் கூட்டத்துக்குப் பந்தல், கேசரி எல்லாம் இருந்தது, தெருவே வந்தது. அடுத்ததற்கு வந்தவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்குவார்கள். அதன்பின் செயலாளர் தேவநாதன் சபையை வாட்ஸ்அப் குழுவில் நடத்தி, முதல் கூட்டத்தின் படத்தையே மேலதிகாரிகளுக்கு அனுப்பிவந்தார். ஆற்றங்கரையில் தடுப்புச்சுவர் கேட்க வேண்டும் என்று மலர்க்கொடி குழுவில் எழுதினாள். கட்டைவிரல்கள் வந்தன. வீடு இன்னும் பத்தடி போனது.

புரட்டாசி முடியும்போது சமையலறையில் ஆற்றின் சத்தம் கேட்டது. ஒரு விபத்துக்குப் பிறகு கணவன் வைத்திலிங்கத்தால் எழுந்திருக்க முடியாது. வெள்ளம் வந்தால் கட்டிலோடுதான் தூக்க வேண்டும். தூக்க யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சரியாகத் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் போவட்டும் மலரு, படுத்துக்கினே தூண்டில் போடலாம்” என்றான் வைத்திலிங்கம். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் கம்பி அளவுக்கு மீறி நீண்டதில் தெரு முழுக்க லோ வோல்டேஜ். மின்விசிறிகள் ஊர்ந்தன. மாவு அரைபடவில்லை. அதற்குத்தான் எல்லோரும் கிளம்பி அவள் வாசலுக்கு வந்தார்கள், சண்டை போட.

“உங்க வூட்டால எங்க ஃப்ரிட்ஜ் போச்சுக்கா” என்றாள் எதிர்வீட்டு சிந்துஜா.

“என் வூடே போய்க்கினு இருக்குது. நீ ஃப்ரிட்ஜைச் சொல்ற.”

“அதான் குரூப்ல எல்லாரும் ஓகே போட்டோமேம்மா” என்றார் தேவநாதன்.

“ஓகே போட்ட கை வந்து கட்டிலைத் தூக்குமா மாமா? உள்ள வந்து பாருங்க.”

பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் தரை கசிந்துகொண்டிருந்தது. பிறகு சுவர் எங்கே தொடங்க வேண்டும், யார் போய்க் கேட்பது என்று ஆரம்பித்த பேச்சு பொழுது சாயும்வரை போனது. பாதி திட்டுதான். எல்லோரும் இருப்பதால் இதையே சபையாக எழுதிவிடலாம் என்றார் தேவநாதன்.

மலர்க்கொடியின் வீடு திரும்பிப் போகவில்லை. வெளியே வந்தவர்கள், தங்கள் வீடுகள் அதன் இரண்டு பக்கமும் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்பதைக் கண்டார்கள். வைத்திலிங்கத்தின் கட்டிலை அன்றைக்கே தேவநாதன் வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பக்கத்து வீடாகிவிட்டதால் சிரமமில்லை. குப்பை வண்டி மறுநாள் முதல் புது இடத்துக்கே வந்தது. அதிகாரிகள் வந்து சுவருக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். மழை பிடித்துவிட்டது. எந்த வீட்டுக்குத் தண்ணீர் முதலில் வரும் என்று சொல்ல முடியாததால், இப்போதெல்லாம் சபைக்கு ஒருவரும் வராமல் இருப்பதில்லை.