ரெண்டாவது சாவி

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையை இரண்டாம் முறை படித்தாள். அவள் தம்பி வாத்தியார் முதல் முறையிலேயே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து போய், சிவனே என்று நின்றிருந்த பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டினார்.

தெருவில் அவருக்குக் 'கம்ப்யூட்டர் வாத்தியார்' என்று பேர். பதினோரு வருஷமாக வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கு ஆரம்பப் பாடம் நடத்துகிறார். அந்தப் பெருமையில், ஒரே மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்துக்குக் கொடுக்காமல், தானே புரோகிராம் எழுதி வீட்டிலேயே முந்நூறு அடித்திருந்தார். மேலே விருந்தாளியின் பெயர் தானாக விழும். அடியில் அழைக்கும் குடும்பத்தார் ஆறு பேர், மூத்தவர் முதலாக வரவேண்டும். வந்திருந்தது ஐந்து பேர். முதல் வரி இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு சந்து.

வீட்டுக்கு மூத்தவள் அக்கா.

"என் பேரக் காணோமேடா தம்பி," என்றாள். கோபமெல்லாம் இல்லை. உப்பு டப்பாவைக் காணோம் என்பது மாதிரித்தான் சொன்னாள்.

இதற்குப் பதிலை அவர் மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பெயர்களை 'அரே'யில் போட்டதாகவும், அரே என்பது வரிசையாக எண் போட்ட அலமாரித் தட்டுகள் மாதிரி என்றும், அதில் முதல் தட்டுக்கு எண் ஒன்று இல்லை, பூஜ்யம் என்றும், அவசரத்தில் ஒன்றிலிருந்து எண்ணச் சொல்லிவிட்டதால் பூஜ்யத்தில் இருந்த அக்கா விட்டுப்போனதாகவும் மூச்சுவிடாமல் சொன்னார். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு, யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்தும் வைத்தார். யானை தனியாகத்தான் சிரித்தது. அவர் மனைவி மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது வேறு. மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டு, தேன் ஒழுகத்தான் பேசினாள். வாழாவெட்டி பேரு பத்திரிகையில் முதலில் நின்றால் பார்க்கிறவர்கள் என்ன சொல்லுவார்கள், நீங்களே யோசியுங்கள் சம்பந்தி என்றாள். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முடியாது என்றும் சொல்லியிருக்கலாம். அதற்கும் அதே நேரம்தான் பிடிக்கும். வாத்தியார், "அதுக்கென்னங்க," என்றார்.

அந்த வாழாவெட்டி, இருபத்தாறு வயதில் வீங்கிய கன்னமும் ஒரு பெட்டியுமாகத் திரும்பி வந்தவள். தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போக, இந்தக் கல்யாணப் பெண்ணை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். அவள் புகுந்த வீட்டில் வாழவில்லை என்பதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. இந்த வீட்டில் மூன்று பேர் அவளால் வாழ்ந்தார்கள் என்பதற்கு ஒரு வார்த்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

"பதினோரு வருஷமா நீ அந்தப் பக்கம் கத்துற, நான் இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்குறேன். சைபர்லேருந்துதான் எண்ணணும்னு என் கத்திக்கே தெரியும்டா. நீ பண்ற தப்பா இது?"

வாத்தியார் மறுபடி அலமாரித் தட்டில் ஆரம்பிக்கப் பார்த்தார். வாயைத் திறந்தபோது உண்மை வழுக்கி விழுந்துவிட்டது. அவர்கள்தான் கேட்டார்கள், பெண்ணைப் பெற்றவன், தன்னால் என்ன செய்ய முடியும் என்று முனகினார்.

"அண்ட் கேட்டுன்னு ஒண்ணு நடத்துவியே. ரெண்டு பூட்டுப் போட்ட கதவு, ரெண்டு சாவியும் திரும்பினாத்தான் திறக்கும், ஒண்ணு மட்டும் திரும்பினா அசையாதுன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "அவங்க சாவிய அவங்க திருப்பினாங்க, சரி. ரெண்டாவது சாவி யாரு கையிலடா இருந்துச்சு?"

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். பிறகு, பார்த்ததற்கே வெட்கப்பட்டு அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

ஐந்தே நிமிஷம், திருத்தி எல்லாவற்றையும் மறுபடி அடித்துவிடுகிறேன் என்று பிரிண்டர் பக்கம் திரும்பினார். அதற்குள் மகள் உள்ளேயிருந்து ஒரு பேனாவோடு வந்து நின்றாள். அத்தையிடம்தான் நீட்டினாள்.

அக்கா அதை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். "நானே எழுதிக்கிட்டா, கூப்பிடாத வீட்ல எல போட்டு உக்காந்த மாதிரி இருக்கும். நீ எழுது. மெஷின் மேல பழி போட்டேல்ல, கையால எழுது."

"இம்போசிஷனாப்பா?" என்றாள் மகள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை.

"நேத்து அவங்க வீட்டுக்கு அம்பது அனுப்பினியே," என்றாள் அக்கா. "அதுலயும் நீதான் போய் எழுதணும்." சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்தபோது வாத்தியார் நூற்றுப் பத்தாவது பத்திரிகையில் இருந்தார். விரல் வலித்தது. ஐம்பது வருஷமாக அக்கா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் பெயரை எழுதக் கை பழகவே இல்லை. முதல் பத்துப் பத்திரிகையில் எழுத்து கோணல்தான். பேனாவை வைத்துவிட்டுப் பாடத்துக்கு எழுந்தார். அன்றைக்குப் பார்த்து அரே பாடம்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மறந்துபோய் ஒண்ணுலேருந்து ஆரம்பிச்சிட்டா எரர் காட்டுமா சார்?"

திரைக்குப் பின்னால் வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"காட்டாதும்மா," என்றார் வாத்தியார். "நல்லாத்தான் ஓடும். விட்டுப்போனவங்க வந்து கேக்கற வரைக்கும்."

சத்தம் மறுபடி தொடங்கியது. வாத்தியார் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பாடத்தைச் சீக்கிரமே முடித்தார். சம்பந்தி வீட்டுக்கு ஏழு மணிக்கு மேல் போனால் மரியாதையாக இருக்காது.