நினைவகம் நிரம்பிய மருத்துவமனை

அந்த மருத்துவமனையில் யாரும் விசாரிக்காத நோயாளிகள் மாலைக்குள் மறைந்துவிடுவார்கள். முதலில் போனவர் மூலைக் கட்டிலில் இருந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அங்கே ஆள் இருந்ததாக நர்சுக்கும் ஞாபகமில்லை, ஆகவே யாரும் பதறவில்லை. காரணம் தெரிந்தவள் ஒருத்திதான், எல்லோரும் சர்வர் அக்கா என்று கூப்பிடும் கணினிப் பிரிவுக்காரி. தெரியாமல் எப்படி இருக்கும், கைங்கரியமே அவளுடையதுதானே.

நோயாளிப் பதிவுகளை வைத்திருந்த பழைய சர்வர் எதைக் கேட்டாலும் டிஸ்க்கில் போய்த் துழாவி, ஆற அமரக் கொண்டுவந்து தரும். டாக்டர்கள் கத்திக் களைத்த பிறகு புதியது வந்தது. அது எல்லோரையும் டிஸ்க்குக்கு அனுப்பாமல், மெமரி என்னும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, கேட்டவர் வாய்மூடுமுன் பதில் சொன்னது. நினைவகம் நிரம்பினால் யாரை வெளியேற்றுவது என்று அதற்கு ஒரு விதி சொல்ல வேண்டும். நெடுநேரமாக யாரும் கேட்காதவர் முதலில் போகட்டும் என்று போட்டாள். கேட்பாரில்லாதது எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்பது அவள் நியாயம். டிஸ்க்கில் பிரதி எடுக்கும் அமைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அதைப் போட்டால் வேகம் குறையும், டாக்டர்கள் மறுபடி கத்துவார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை.

அவளுடைய அப்பா பக்கவாதம் வந்து, நினைவில்லாமல் மேல்மாடி வார்டில் கிடந்தார். தம்பி எட்டிப் பார்ப்பதில்லை. அவளோ அதே கட்டடத்தில் இருந்துகொண்டு, இந்த வேலை முடியட்டும், அந்த வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஒரு மத்தியானம் நர்ஸ் இறங்கி வந்து, காய்ச்சல் ஏறியிருக்கிறது என்று சொல்லும் அதே குரலில், "உங்கப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் காணலக்கா. மெத்தைதான் தெரியுது" என்றாள். சர்வர் அக்கா மேலே ஓடக்கூடத் தோன்றாமல் விதியை மாற்றினாள்: யாரையும் வெளியேற்றாதே. அப்பாவின் பாதங்கள் திரும்பி வந்தன, நகம் வெட்டாத கட்டைவிரல் உட்பட.

நிரம்பிய இடத்தில் புதிதாக யார் நுழைய முடியும்? வாசலில் ஆம்புலன்ஸ் கதவு திறக்க மறுத்தது. பிரசவ அறையில் குழந்தைகள் வரும் வழியிலேயே நின்றுவிட்டன. பிரசவ டாக்டர் போனில் அலறினார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்க? தாய்க்கு நாடி இறங்குது. எதையாவது எடுத்துத் தொலை!"

பழைய விதியைப் போட்டால் குழந்தைகள் பிறக்கும், அப்பா போவார். அப்பாவை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்துக் கட்டில்காரர் போவார். எல்லோரையும் கேட்டாலும் யாரோ ஒருவர் கடைசியாகத்தான் இருப்பார். இப்போதாவது டிஸ்க்கில் பிரதி எடுத்தால், வெளியேறியவர்களை அங்கிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் பிரதி எடுக்கச் சர்வருக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் வேண்டும். இடமில்லாமல் தொடங்கினால் அது விழுந்துவிடும், நினைவகம் துடைத்துப்போகும், எழும்போது உள்ளே ஒரு உயிர்கூட இருக்காது. இடம் ஒழிக்க இறந்தவர்களின் பதிவுகளைத் தேடினாள். அவற்றை விதி எப்போதோ தூக்கியிருந்தது. செத்தவர்களை யார் விசாரிக்கிறார்கள்! இருந்ததிலேயே பெரிய பதிவு அவளுடையதுதான். பிறந்தது அங்கே, அம்மை போட்டது அங்கே, வேலைக்குச் சேர்ந்ததும் அங்கே. டாக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். தன்னை நீக்கிவிட்டு, பிரதி எடுக்கச் சொன்னாள்.

எல்லா வார்டிலும் ஆட்கள் பாதிப் பேச்சில் நின்றார்கள். குளுக்கோஸ் சொட்டு குழாயிலேயே தொங்கியது. அவளுடைய விரல்கள் நுனியிலிருந்து மறையத் தொடங்கின, கீழே விசைப்பலகை எழுத்துகள் தெரிந்தன. பிறகு சொட்டு விழுந்தது. போனுக்குள் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டன. "ஹலோ, யார் பேசறது?" என்று கேட்டார் டாக்டர். கேட்டதுமே விரல்கள் திரும்பி வந்துவிட்டன.

அதன்பிறகு அங்கே யாரும் மறையவில்லை. பிரதியில் இல்லாத அவளை மட்டும் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது. எதிரே வந்தால் தம்பி வழிவிட்டு ஒதுங்குவான். வாசல் காவலாளி தினமும் நிறுத்தி யாரென்று கேட்பார், சர்வர் பார்க்க வந்தவள் என்பாள், விடுவார். அவர் விடுப்பு எடுக்கும் நாட்களில் மத்தியானத்துக்குள் விரல்நுனி மங்கிவிடும். அப்பா கண் விழித்து, பேச்சும் வந்து, வீடு திரும்பினார். மகள் என்று ஒருத்தி இருந்தது அவருக்குத் தெரியாது. மாலையில் அவள் போய் நிற்பாள். "யாரும்மா நீ?" என்பார். "உங்க பொண்ணுப்பா." "அப்படியா? சாப்பிட்டியா?" என்று கேட்டு, நகர்ந்து பக்கத்தில் இடம் விடுவார். மறுநாளும் யாரென்று கேட்பார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் கேட்கத் தவறியதில்லை.