ஒன்பதாம் பக்கம்

ஒன்பதாம் பக்கம் வந்ததும் ஆர்டித் டிபெட்ஸ் பேனாவை மூடி வைத்தாள். முதல் எட்டுப் பக்கங்களின் ஓரத்திலும் அவளுடைய சுருக்கொப்பம் விழுந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கரை நாட்டு டாக்டர் சல்செடோவும் போட்டிருந்தார். குற்ற வழக்குகளில் ஒருவருக்கொருவர் உதவுவதற்கான ஒப்பந்தம் அது. ஆர்டித்தின் கேமன் தீவு தனி நாடு இல்லை, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டது. லண்டன் அனுமதிக் கடிதம் தந்துதான் தீவு அரசின் சார்பில் அவள் பேசவே வந்திருந்தாள். எல்லாப் பக்கத்திலும் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்டால்தான் வரைவு மேலே நகரும்.

“என்ன மிஸ் ஆர்டித், மை தீர்ந்துபோச்சா?”

“மை இருக்கு டாக்டர். சாட்சிக்குத்தான் பாதுகாப்பு இல்ல. இங்கேருந்து சாட்சி சொல்ல வர்றவங்கள, பழைய கேசு எதையாவது காட்டிப் பிடிச்சு வைக்கக் கூடாது. அதை எழுதுங்க.”

வெறும் வீம்பு அல்ல இது. மூன்று வருடங்களுக்கு முன் வெர்னல் என்ற கப்பல் சமையல்காரன் அவள் பேச்சை நம்பி அக்கரைக்குச் சாட்சி சொல்லப் போனான். ஒன்றும் ஆகாது என்று தீவு அரசின் முத்திரை குத்தி அவளே கடிதம் கொடுத்தாள். விமான நிலையத்தில் அதைப் புரட்டிப் பார்த்தவர்கள், இது எந்த நாட்டு முத்திரை என்று கேட்டுச் சிரித்தார்கள். ஏதோ பழைய துறைமுகச் சண்டையைச் சொல்லிப் பதினோரு மாதம் உள்ளே போட்டார்கள். ஆழம் தெரியாமல் தன் காலை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் அடுத்தவன் காலை விட வைத்துவிட்டாள்.

“இதை லண்டன் கேட்டா யோசிக்கலாம்,” என்றார் சல்செடோ.

பக்கத்தில் இருந்த லண்டன் ஆலோசகர் பெல்லம் குனிந்தார். “எங்க முன்மாதிரி வரைவுல இது இல்லையே, மிஸ் டிபெட்ஸ். ரெண்டு வருஷ உழைப்பு. விட்டுடுங்க.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் போலிருக்கிறது.

“பேசறது தீவுன்னுதான் உங்க கடிதமே சொல்லுது, மிஸ்டர் பெல்லம்.” அவள் சல்செடோ பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எங்க பேங்க் ஆவணம் வேணும். எனக்கு எங்க ஆளுங்க முழுசா வீடு வந்து சேரணும். அதை எழுதாம இந்தப் பக்கத்துல என் பேனா படாது.”

மதியச் சாப்பாட்டுக்கு வந்த பொரித்த மீனும் ஈரப்பலாவும் தட்டிலேயே ஆறின. சல்செடோ மூன்று முறை வெளியே போய்த் தலைநகருக்குப் பேசிவிட்டு வந்தார். அவள் எழுந்திருக்கவே இல்லை. நாலு மணிக்கு ஒரு வரி சேர்ந்தது: சாட்சி சொல்லி முடித்துப் பதினைந்து நாள் வரை யாரும் அவரைத் தொடக் கூடாது. அவள் சுருக்கொப்பம் போட்டாள்.

நேராகக் கடற்கரைக்குப் போனாள். வெர்னல் அங்கே மீன் வறுத்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்த நாளிலிருந்து அவளோடு அவன் பேசியதில்லை. அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் அடுப்பைத் தணித்தான்.

“அப்ப இனிமே போறவன் யாரும் உங்க பேச்ச நம்பிப் போக வேண்டாம். அப்படித்தானே, மிஸ் ஆர்டித்?”

அதற்காகத்தான் அவள் அத்தனை பாடும் பட்டது. ஆனாலும் அவன் வாயால் கேட்டபோது சுருக்கென்று தைத்தது.

“வேண்டாம் வெர்னல்,” என்றாள்.