நடப்பவர்களுக்கு ஒரு டிக்

“ஒரு டீ ஆறறதுக்குள்ள திருப்பூர்ல நடக்கற சனத்தையெல்லாம் ஒத்தை விரல்ல அழிச்சு, திரும்பவும் கொண்டாந்து நிறுத்துனவன் நானு!”

பெருமாநல்லூர் முஸ்தபா டீக்கடையில் மகுடேஸ்வரன் இப்படி முழங்கும்போதெல்லாம் பாய்லர் குலுங்கும். டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் குண்டடத்தில் மேய்கிற எருமை ஒதுங்கி வழிவிடும். மூலனூர் சந்தையில் முருங்கைக்காய் தன்னைத்தானே கட்டுக்கட்டிக்கொண்டு லாரி ஏறும். அப்பேர்ப்பட்ட வாயை யார் நம்புவது? கடையே சிரித்து ஓய்ந்ததும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பது பெஞ்சு ஓரத்தில் இருக்கும் அவருடைய மருமகன் ராஜவேலைத்தான்.

“மாமா அளக்கறாருங்க,” என்பான் அவன். “அன்னைக்கு வெயிலு. வேறொன்னுமில்லீங்க.”

நடந்தது இதுதான்.

ராஜவேலுக்குப் போக்குவரத்து ஆய்வுக் கம்பெனியில் வேலை. ஊரை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். ஒவ்வொரு தெருவும் திரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் எதெது போகலாம் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும்: லாரி, பஸ், கம்பெனி வேன், ஆட்டோ, டூவீலர், நடை. போகலாம் என்றால் டிக் போட வேண்டும். டிக் இல்லாவிட்டால் அந்த வகைக்கு அப்படியொரு தெருவே கிடையாது. சந்துபொந்து தெரிந்த ஆள் வேண்டுமென்று, நொய்யல் கரையோர மாடியறையில் மாமனாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

மகுடேஸ்வரன் மௌசைப் பிடித்தார். இந்தச் சந்தில் வேன் நுழையாது, அந்தத் தெருவில் பஸ் திரும்பாது என்று தர்பார் நடந்தது. கடைசியாக, ஜன்னலுக்கு நேர்கீழே ஆற்றைத் தாண்டும் நடைபாலம் வந்தது. எல்லாக் கட்டமும் காலி. ‘நடை’யில் மட்டும் மருமகன் போட்ட டிக். அவருக்குப் பொறுக்கவில்லை. காலமெல்லாம் படியேறி டிக்கெட் வாங்கியவனைத்தான் ஆள் என்று எண்ணியவர். ஏறாமல் நடந்து போகிறவன் அவரைப் பொறுத்தவரை வெறும் காற்று.

“நடக்கறதெல்லாம் ஒரு வண்டியா?” என்று முனகி, அந்த டிக்கை எடுத்துவிட்டார்.

ராஜவேல் அதைக் கவனிக்காமல் திரையில் ஊரை ஓடவிடும் பச்சை அம்பை அழுத்தினான். திரையில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஓடத் தொடங்கின. பையன் கீழிருந்து கொண்டுவந்த டீயை மகுடேஸ்வரன் கையில் எடுத்தார். அக்கரைப் பனியன் கம்பெனியில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

சங்கு ஊதினால் நடைபாலம் நிரம்பி வழியும். அன்று ஒரு தலை இல்லை. பக்கத்து ரோட்டுப் பாலத்தில் வேனும் டூவீலரும் வழக்கம்போலப் போயின. நடைபாலத்து முகப்பில் மட்டும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கால் தரையில், மறு கால் அந்தரத்தில். பேச்சில்லை. ஆளில்லாத பாலத்தின் மேலிருந்து செருப்புச் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று வந்தது.

“என்னுங்க மாப்பிள்ளை இது?”

பதில் வருவதற்குள் போன் அடித்தது. ஜெயபாரதி. மகுடேஸ்வரனின் மகள், ராஜவேலின் மனைவி. அந்த அக்கரைக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். மத்தியானம் சோற்றோடு பாலத்தைக் கடந்து வந்து இவர்களோடு சாப்பிடுவாள்.

“ஏனுங்கப்பா, பாலத்து மேலதான் வந்துட்டிருக்கேன். நடக்கறேன், நடக்கறேன், கரை வரவே மாட்டீங்குது.”

ஜன்னலில் பார்த்தார்கள். வெயில் படிந்த வெறும் பாலம்.

“கூட யாராச்சும் இருக்காங்களா கண்ணு?”

“ஒரு பஸ் நெறைய ஆளுக இருக்காங்கப்பா. யாரும் மூஞ்சி பாக்கறதில்ல. முன்னால போற பொம்பளைக்கு நெழலு இல்லீங்கப்பா.” கொஞ்சம் பொறுத்து, “எனக்குங் காணோம்,” என்றாள்.

“டவர் கோளாறு மாமா,” என்றான் ராஜவேல். சொன்னவன் உட்காரவில்லை. படியில் தடதடவென்று இறங்கி ஓடினான். பாலத்து முகப்பில் கூட்டத்தை விலக்கி ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

மேலே மகுடேஸ்வரன் தனியாக. போனில் மகளின் மூச்சு தூரம் போய்க்கொண்டிருந்தது. “அப்பா, கம்பெனிக்கே போயிரலாமுன்னு திரும்புனேன். அந்தக் கரையுங் காணோம்.”

அப்போதுதான் அவருக்குத் தான் எடுத்த டிக் ஞாபகம் வந்தது. ஆயுளில் முதல்முறையாக, ஏறாதவர்களையும் ஆள் என்று எண்ணினார். அந்தக் கட்டத்தைத் தேடி டிக்கைப் போட்டார். ஒன்றும் அசையவில்லை. மருமகன் அழுத்தின பச்சை அம்பு! “சென்னிமலை முருகா, ஒரு ஆளு உடாம ஏத்திக்க,” என்று அழுத்திவிட்டு, பழக்க தோஷத்தில் தொண்டை கிழியக் கத்தினார்: “ரை... ரைட்!”

கீழே அத்தனை கால்களும் ஒரே சமயத்தில் தரையில் விழுந்தன. அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாலம் முழுக்க ஜனம்.

ஜெயபாரதி படியேறி வந்தாள். காலையில் போட்ட புதுச் செருப்பு குதிகாலில் ஓட்டை விழுந்திருந்தது. தூக்குப்போசியைத் திறந்தால், அன்று காலையில் வடித்த சோறு நூல் விட்டுக் கெட்டுப்போய் நாறியது. மகுடேஸ்வரனின் டீ இன்னும் சுட்டது. திருப்பூர் முழுக்க என்பது மட்டும் அவர் வாய்ச் சரக்கு; அழிந்தது ஒரு பாலத்து ஜனம்தான்.

இதையெல்லாம்தான் ராஜவேல் மாதக்கணக்கில் வெயில் என்று தள்ளிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் வழக்கம்போலக் கடை சிரித்து முடித்தது. “என்னுங்க மாப்பிள்ளை, இன்னைக்கும் வெயிலுதானா?” என்று முஸ்தபா சீண்டினார். அவன் வாய் திறப்பதற்குள் போன் வந்தது. மேலதிகாரி. ஸ்பீக்கர் சத்தம் கடைக்கே கேட்டது.

“ராஜவேல், கம்ப்யூட்டர்ல ஊர் ஓடறது ரொம்ப ஸ்லோவா இருக்கு. ஊர் முழுக்க அந்த ‘நடை’ டிக்கைத் தூக்கிடுங்க. நடந்து போறவங்களா டிராஃபிக்?”

ராஜவேல் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தான். கடைக்கு எதிரே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் ஷிப்ட் முடிந்த பெண்களும் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, புதுச் செருப்போடு ஜெயபாரதி.

“எடுக்க மாட்டேனுங்க சார்.”

“ஏன்?”

முஸ்தபா டீ ஆற்றுவதை நிறுத்தினார். மகுடேஸ்வரன்கூட வாயை மூடினார். அந்த அதிசயத்தை முஸ்தபா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“ஒருக்கா எடுத்தமுங்க சார்,” என்றான் ராஜவேல். “என்ற கால் அந்தரத்துல நின்னுச்சு. என்ற சம்சாரம் பாலத்துல இல்லாமப் போனா. மாமா சொல்றது நெசந்தானுங்க. நடந்துச்சுங்க.”