இதயத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை

எங்கள் மலையூர் நாரினில் எசென்கெல்தியைத் தெரியாதவர்கள் குறைவு. தலைநகர் பிஷ்கேக் வரை வேன் ஓட்டுகிறவர். பகலெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். வழியில் நிறுத்துகிற இடமெல்லாம் சாப்பிடுவார். மகள் மீரிமின் நிச்சயதார்த்தம் நெருங்கியிருந்த வாரத்தில், படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் ஜமீரா அவர் நெஞ்சின் மேல் ஸ்கேன் கருவியை நகர்த்தி, திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுதான் உங்க இதயம். மேல ஒரு பட்டை தெரியுதா? அது கொழுப்பு."

"எனக்கு மட்டுமா இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்கும். உங்களுக்குத் தடிப்பா இருக்கு."

எசென்கெல்திக்குப் பயத்துக்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. தன் உடம்புக்குள் தனக்கே தெரியாமல் இப்படி ஒன்று இருந்திருக்கிறதே!

"இறைவன் வெச்சதுதானே டாக்டர்? வேண்டாததை எதுக்கு வெச்சான்?"

"வேண்டியதைத்தான் வெச்சான். இதயம் ஒரு நிமிஷம் ஓயறதில்ல. அதுக்குப் பக்கத்துலயே தீனி வேணும், குளிருக்குப் போர்வை வேணும். மெல்லிசா இருக்கிற வரைக்கும் இது ரெண்டையும் செய்யும். தடிச்சுப் போனா குணம் மாறிடும். புண்ணாக்கிற சரக்கைக் கசிய விடும். இதுக்கும் இதயத்தோட ரத்தக்குழாய்க்கும் நடுவுல சுவரே கிடையாது."

"கூடவே குடியிருக்கிற சொந்தக்காரன் மாதிரி."

ஜமீரா சிரித்தார். "அப்படியே வெச்சுக்குங்க. தினம் நடங்க. மாவு, சர்க்கரை, வால்கொழுப்பு எல்லாத்தையும் குறைங்க. இதுவும் குறையும்."

வால்கொழுப்பு என்றதும் அவருக்கு நிச்சயதார்த்தம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கம் ஆட்டின் வால்கொழுப்பையும் ஈரலையும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டினால்தான் சம்பந்தம் உறுதி. வாங்க மறுத்தால் மாப்பிள்ளையையே மறுத்ததாக அர்த்தம். டாக்டரிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி புருல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நிச்சயத்துல வாயே தொறக்காதீங்க. அப்பனுக்கு நெஞ்சு நோவுன்னா மகளுக்கும் வரும்னு பேசுவாங்க. சம்பந்தம் போயிடும். ஒரு வாய் வாங்கிக்கிட்டா என்ன?"

"ஒரு வாயா? உங்கண்ணனுக்கு அவர் மக நிச்சயத்துல கை நிறைய அள்ளித் திணிச்சாங்களே. அது நேரா போய் இங்க ஒட்டிக்கிட்டா?"

"வாயிலேர்ந்து நெஞ்சுக்குக் குழாயா போட்டிருக்கு?"

"அதைத்தான் கேக்காம வந்துட்டேன்."

நிச்சய நாளில் பக்கத்து வீட்டு ஆளாக நானும் எசென்கெல்தி வீட்டு விருந்து விரிப்பில் உட்கார்ந்திருந்தேன். குர்ஆன் ஓதி முடிந்ததும் தட்டு வந்தது. மாப்பிள்ளையின் தாய் தாஸகுல், ஈரலை விடக் கொழுப்பே அதிகமாக ஒரு பிடி அள்ளிக்கொண்டு எசென்கெல்தியின் முன் வந்து நின்றாள்.

"வாயத் தொறங்க சம்பந்தி. உங்க வேன் கதவே இதைவிடச் சீக்கிரம் தொறக்குமாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. மாப்பிள்ளையின் தகப்பன் ஷெர்காஸி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்க பையன்கிட்ட என்ன குறை கண்டீங்க?"

"பையன் தங்கம். குறை எங்கிட்டதான்" என்றார் எசென்கெல்தி. புருல் தலையைக் குனிந்துகொண்டாள். "இதயத்தைச் சுத்திக் கொழுப்பு தடிச்சுக் கிடக்காம். டாக்டர் படத்துல காட்டினாங்க. பிறகு தெரிஞ்சு நீங்க வருத்தப்படறதை விட, இப்பவே சொல்லிடறது நல்லது."

மீரிம் கதவோரம் நின்று முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சுத்தின்னா எங்கே?" என்று கேட்டாள் தாஸகுல். கையில் இருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு அவர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். "உள்ளேயா, வெளியேயா?"

"வெளியே. மேலாக்க."

"வெந்த ஆட்டு இதயம் ஒண்ணு அடுப்படியில இருக்குமே, எடுத்துட்டு வாங்க. பாக்கலாம்."

வந்தது. எசென்கெல்தி விரல் வைத்துக் காட்டினார். சதையின் பள்ளங்களில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நாங்கள் எல்லோரும் தலையை நீட்டிப் பார்த்தோம். அது போர்வையும் தீனியும் என்றார். தடித்தால் பகை என்றார். தாஸகுல் கத்திமுனையால் நெம்பிப் பார்த்தாள். சதையோடு ஒட்டியிருந்தது.

"எத்தனை ஆடு அறுத்திருப்பேன்" என்றார் ஷெர்காஸி. "இதை ருசின்னுதான் நெனச்சேன். இப்படி ஒரு வேலை இருக்குன்னு தெரியாது."

"உங்களுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே, ருசி பாக்கிறது" என்றாள் தாஸகுல்.

பிறகு அவள் ஈரலில் பெரிய துண்டாக ஒன்று அறுத்தாள். அதன் மேல் வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு சீவல் கொழுப்பை வைத்தாள்.

"இது உங்களுக்குப் போதும். வேணாம்னா ஈரலை மட்டும் வாங்கிக்குங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். நாங்க வந்து உக்காந்ததும் உள்ளதைச் சொல்ற வீட்டுலேர்ந்து பொண்ணு எடுக்கிறேன். எனக்கு அது பெரிசு."

எசென்கெல்தி பிஸ்மில்லா சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்க நெடுநேரம் மென்றார்.

"மிச்சத்தை எனக்குப் போடுங்க சம்பந்தியம்மா" என்றாள் புருல். "சொல்லாதீங்கன்னு தடுத்தவ நான்தான்."

தாஸகுல் அந்தப் பிடியை அப்படியே அவள் வாயில் திணித்தாள். புருலால் பேசவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஒரு மனிதன் தன் குறையைச் சொல்லத் துணியும்போது, அதைக் கேட்க எதிரில் ஓர் இளகிய மனத்தை இறைவன் உட்கார வைக்கிறான். அன்று நான் பார்த்தது அதைத்தான்.

பிறகு தாஸகுல் மீரிமை அருகில் அழைத்து, மருமகளுக்கு நிச்சய அடையாளமாகப் போடக் கொண்டுவந்திருந்த தோட்டை எடுத்தாள். விரலெல்லாம் கொழுப்பு. கொக்கி வழுக்கிக்கொண்டே போனது.

"அசையாம நில்லுடி" என்றாள்.

மீரிம் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதை இன்னும் கொஞ்சம் அருகே கொடுத்தாள்.